பினாங்குக்கு வராத கவசக் கப்பல்

1914 அக்டோபர் 28 விடியற்காலையில் எம்டன் என்ற ஜெர்மானியக் குரூசர் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, அங்கே நங்கூரமிட்டிருந்த ஜெம்ச்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோ வீசி மூழ்கடித்தது. திரும்பும் வழியில், இரவு ரோந்து முடித்து வந்துகொண்டிருந்த மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் கடலுக்கு அடியில் அனுப்பிவிட்டு, சேதம் ஏதுமின்றி நடுக்கடலுக்குள் மறைந்தது.

இந்தக் கதையைத் தமிழில் சொன்னவர்கள் பெரும்பாலும் எம்டனின் மேல்தளத்தில் நின்றே சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வாரங்களுக்கு முன் சென்னையைச் சுட்ட கப்பல் என்பதால் அதன்மேல் நமக்குத் தனிக் கவனம் உண்டு. இந்தக் கட்டுரை எதிர்த் திசையிலிருந்து பார்க்கிறது. அன்று பினாங்கின் காவலுக்கு நின்றவை நான்கு பிரெஞ்சுக் கப்பல்கள்: திபெர்வீல், ஃப்ரோந்து, பிஸ்தோலே, மூஸ்கே. நான்கில் ஒன்றுக்குக்கூடக் கவசம் கிடையாது. பெருங்கடலில் ஓடும் கவசக் கப்பலை உலகிலேயே முதலில் கட்டிய நாடு பிரான்ஸ். அந்த நாட்டின் கவசக் குரூசர்கள் இரண்டு அப்போது கிழக்குக் கடல்களில்தான் இருந்தன. அவை ஏன் பினாங்கில் இல்லை? அங்கே நின்றவை ஏன் அந்த நான்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடற்படை தனக்குள்ளேயே நடத்திய ஒரு நீண்ட வழக்கைத் தெரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

பிரெஞ்சு அச்சத்தில் பிறந்த ஊர்

பினாங்கு ஆங்கிலேயர் கைக்குப் போனதற்கே பிரெஞ்சுக் கப்பல்கள் ஒரு காரணம். 1782, 1783 ஆண்டுகளில் சோழமண்டலக் கடற்கரைக்கும் இலங்கைக்கும் இடையே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் ஆகிய ஊர்களின் பெயர்கள் உலகக் கடற்போர் வரலாற்றில் இடம்பெற்றது இந்த மோதல்களால்தான்.

அந்தப் போர் ஆங்கிலேயருக்கு ஒரு பலவீனத்தைக் காட்டிக்கொடுத்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல்கள் நிற்க முடியாது. சென்னைக்கு அன்று பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. பழுது பார்க்க வேண்டுமென்றால் ஹியூஸ் பம்பாய்வரை போய்வர வேண்டும். சுஃப்ரெனோ 1782 இறுதியில் சுமத்திராவின் ஆச்சே கரைக்குப் போய் ஒதுங்கிவிட்டு, எதிரிக்கு முன்பே திரும்பி வந்தார். வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகம் வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதன்பின் வலுத்தது. கெடா சுல்தானிடமிருந்து பெற்ற தீவில் 1786 ஆகஸ்ட் 11 அன்று கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றி, அதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் சூட்டினார்.

சுல்தான் தீவைக் கொடுத்தது சும்மா அல்ல. சயாமிடமிருந்து தன்னைக் காக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது, காப்பதாக உறுதி தர மறுத்தது. 1791இல் சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டித் தோற்றார். பாதுகாப்பு என்ற சொல்லை நம்பி ஏமாந்தவர்களின் பட்டியல் பினாங்கில் அவரிடமிருந்து தொடங்குகிறது.

மரத்தின்மேல் இரும்பு

சுஃப்ரென் காலத்துக் கப்பல்கள் தடித்த மரத்தால் ஆனவை. உருண்டை இரும்புக் குண்டுகளை அந்த மரம் ஓரளவு தாங்கியது. 1820களில் பெக்சான் என்ற பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி, உள்ளே வெடிமருந்து நிரப்பிய குண்டைக் கப்பல் பீரங்கியிலிருந்து நேராகச் சுடும் முறையை உருவாக்கினார். மரத்துக்குள் பாய்ந்து வெடித்துத் தீயும் மூட்டும் இந்தக் குண்டுக்கு முன்னால் மரக்கப்பல் நிற்க முடியாது. அதை வேறு வகையில் மூடியாக வேண்டும் என்றாயிற்று.

முதல் சோதனை கிரிமியப் போரில் நடந்தது. 1855 அக்டோபர் 17 அன்று கருங்கடலின் கின்பர்ன் கோட்டைக்கு எதிரே, இரும்புத் தகடு போர்த்திய மூன்று பிரெஞ்சு மிதவைகள் போய் நின்றன. ரஷ்யக் குண்டுகள் தகடுகளில் பட்டுத் தெறித்தன. சில மணி நேரத்தில் கோட்டை பணிந்தது. இவை தாமாகக் கடலோடும் தகுதி இல்லாதவை. போர்க்களம்வரை இழுத்து வரப்பட்டவை. இதே பாதுகாப்பை ஒரு முழுக் கப்பலுக்குக் கொடுத்தவர் துப்புய் தெ லோம் என்ற வடிவமைப்பாளர். அவருடைய குளுவார் 1859 நவம்பர் 24 அன்று தூலோன் கட்டுமானத் துறையில் நீரில் இறங்கியது. சுமார் 5,600 டன் எடையுள்ள அந்தக் கப்பலின் மர உடலுக்கு வெளியே ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் தடிமனில் இரும்பு போர்த்தப்பட்டிருந்தது. பிரிட்டன் மறு ஆண்டே முழுவதும் இரும்பால் ஆன வாரியரை நீரில் இறக்கிப் பதில் சொன்னது.

பிரான்சுக்கு இந்தப் பந்தயத்தில் இருந்த சிக்கல் அப்போதே தெரிந்துவிட்டது. யோசனையில் அது முந்தியது, உற்பத்தியில் பிந்தியது. பிரிட்டனிடம் இரும்பாலைகளும் நிலக்கரியும் கட்டுமானத் துறைகளும் கூடுதலாக இருந்தன. 1876இல் பிரான்ஸ் ரெதூத்தாபில் என்ற போர்க்கப்பலை நீரில் இறக்கி, எஃகை முதன்மைப் பொருளாகக் கொண்ட முதல் பெரிய போர்க்கப்பல் என்ற பெயரையும் தட்டிச் சென்றது. ஆனால் ஒவ்வொரு புதுமையையும் பிரிட்டன் எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையில் மிஞ்சிவிடும்.

இன்னொரு சிக்கல் தூரம். பாய்மரத்துக்குக் காற்று போதும். நீராவிக் கப்பலுக்கு வழிநெடுக நிலக்கரி வேண்டும். 1884–85இல் வட வியட்நாமின் தோன்கின் பகுதி தொடர்பாகச் சீனாவோடு நடந்த போரில் தளபதி கூர்பே, பயார் என்ற கவசக் கப்பலைத் தலைமைக் கப்பலாகக் கொண்டு தைவான் கரைவரை போனார். சூயஸுக்கும் சைகோனுக்கும் இடைப்பட்ட பெரிய நிலக்கரித் துறைகள் பெரும்பாலும் ஆங்கிலேயருடையவை. 1885 தொடக்கத்தில் பிரிட்டன் நடுநிலைச் சட்டத்தைக் காட்டித் தன் கீழைத் துறைமுகங்களில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களுக்குக் கரி தர மறுத்தது. எத்தனை அங்குல இரும்பு போர்த்தியிருந்தாலும், அடுத்தவர் கொடுக்கும் கரியில் ஓடுகிற கப்பல் அடுத்தவர் தயவில்தான் ஓடுகிறது. கூர்பே அந்த ஆண்டு ஜூன் 11 அன்று பயாரின் மேலேயே இறந்தார்.

இளைய பள்ளியின் வாதம்

பிரிட்டனோடு கப்பலுக்குக் கப்பல் போட்டியிட முடியாதென்றால் வேறு வகையில் போரிடலாமே என்று கேட்டவர்கள் ‘இளைய பள்ளி’ என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களின் தலைவர் தெயோஃபில் ஓப். 1886 ஜனவரியில் கடற்படை அமைச்சரான இவர் பெருங்கப்பல் கட்டும் வேலைகளை நிறுத்திவைத்தார். அவருடைய கருத்துகளைப் பத்திரிகைகளில் பரப்பியவர் காப்ரியேல் ஷார்ம்.

அவர்களின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. முதலாவது டார்பிடோ. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கவசக் கப்பலை, மலிவான ஒரு சிறு படகு நீர்மட்டத்துக்குக் கீழே அடித்து மூழ்கடிக்க முடியும். அப்படியானால் பத்துப் பெருங்கப்பலுக்குப் பதில் நூற்றுக்கணக்கான சிறு படகுகளைக் கட்டலாம். இரண்டாவது வணிகம். இங்கிலாந்து சாப்பிடுவது கடல் வழியாக. வேகமான குரூசர்கள் தனியாகச் சுற்றி வணிகக் கப்பல்களை மூழ்கடித்தால், காவலற்ற கரையோர நகரங்களைச் சுட்டால், காப்பீட்டுக் கட்டணம் ஏறும், சரக்கு துறைமுகத்தில் தேங்கும், லண்டன் பணியும். ஓப் இதை ஒளிவுமறைவின்றி எழுதினார். போர்த் தர்மம் பேசியவர்கள் அதிர்ந்தார்கள்.

ஓபின் பதவி ஒன்றரை ஆண்டுகூட நீடிக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களில் சிலர் கவசத்தின் பக்கம், சிலர் டார்பிடோவின் பக்கம். அமைச்சர் மாறும்போதெல்லாம் திட்டமும் மாறியது. ஒரே மாதிரியான கப்பல்கள் வரிசையாக வருவதற்குப் பதில், இரண்டு கட்சிகளின் பிள்ளைகளும் கலந்து வந்தன.

திபெர்வீல் அப்படி வந்த ஒன்று. 1893இல் நீரில் இறங்கிய இந்தக் கப்பல் ஆயிரம் டன்னுக்கும் குறைவானது. டார்பிடோக் கப்பல் வகையைச் சேர்ந்தது, கவசப் பட்டை இல்லாதது; அன்றைய கணக்கில் வேகமானது, மெல்லியது, சிறிய பீரங்கிகள் சில கொண்டது. வட அமெரிக்காவில் லூயிசியானாக் குடியேற்றத்தை நிறுவிய பிரெஞ்சுக் கடலோடியின் பெயர் அதற்கு. மூஸ்கேயும் அதன் தோழர்களும் அடுத்த தலைமுறை: சுமார் 300 டன், 65 மி.மீ. பீரங்கி ஒன்று, 47 மி.மீ. பீரங்கிகள் ஆறு, டார்பிடோக் குழாய்கள் இரண்டு. மூஸ்கே 1902இல் நாந்த் நகரில் நீரில் இறங்கியது.

இன்னொரு பிள்ளை கவசக் குரூசர். வணிகத்தை வேட்டையாடும் வேகமும் வேண்டும், வழியில் எதிர்ப்படும் சிறு போர்க்கப்பலைத் தாங்கும் தோலும் வேண்டும் என்று இரண்டு கட்சிகளின் ஆசைகளையும் ஒன்றாகப் பொருத்திய வகை இது. 1890இல் நீரில் இறங்கி, பழைய வடிவமைப்பாளரின் பெயரையே தாங்கிய துப்புய் தெ லோம் இதற்கு முன்னோடி. இந்த வரிசையில் நூற்றாண்டின் கடைசி ஆண்டான 1900இல் இரண்டு கப்பல்கள் பிறந்தன. மார்ச் மாதம் மத்தியதரைக் கடல் கரையில் மோன்காம்; சுமார் 9,500 டன். ஏப்ரல் மாதம் ரோஷ்ஃபோர் நகரில் டூப்ளே. சுமார் 7,700 டன், இரட்டை இரட்டையாக நான்கு கோபுரங்களில் எட்டு 164 மி.மீ. பீரங்கிகள், நீர்மட்டத்தில் நான்கு அங்குலக் கவசப் பட்டை. தூரத்துக் குடியேற்றக் கடல்களுக்கென்றே கொஞ்சம் சிறிதாகவும் சிக்கனமாகவும் வடிவமைக்கப்பட்டது டூப்ளே.

அந்தப் பெயர் தமிழ் வாசகருக்கு அந்நியமல்ல. 1742 முதல் 1754 வரை புதுச்சேரியின் ஆளுநராக இருந்த டூப்ளேயின் அன்றாடத்தை அவருடைய துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1746இல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், அதைச் சாதித்த கடற்தளபதி லாபூர்தொனேயோடு டூப்ளே முரண்பட்டதும், அக்டோபர்ப் புயலில் அந்தக் கடற்படை சிதறியதும் அதே காலத்து நிகழ்ச்சிகள். நிலத்தில் வென்று, கடலில் துணையின்றிச் சரிந்தது அவருடைய அரசியல். போர்க்கப்பல் இல்லாமல் வீழ்ந்தவரின் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கு வைத்தார்கள். அந்தக் கப்பலும் தேவைப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை.

ஒரே நாள், மூன்று கடல்கள்

1904இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்பாட்டுக்கு வந்தன. 1912இல் கடல் காவலைப் பங்கிட்டுக்கொண்டன: வடகடல் பிரிட்டனுக்கு, மத்தியதரைக் கடல் பிரான்சுக்கு. பிரான்சின் புதிய கப்பல்களெல்லாம் தூலோன் பக்கம் குவிந்தன. சூயஸுக்குக் கிழக்கே மிஞ்சியவை மோன்காம், டூப்ளே, வயதான திபெர்வீல், சில நாசகாரிகள், ஆற்றுப் படகுகள்.

1914இல் முதல் உலகப் போர் வெடித்ததும் இவை பிரிட்டனின் சீனக் கடற்படைத் தளபதி ஜெர்ரமின் திட்டத்துக்குள் போயின. டூப்ளே ஹாங்காங்கில் அவருடைய படையோடு சேர்ந்தது. தளபதி ஊகேயின் கொடி பறந்த மோன்காம் பசிபிக்கில் இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் நியூசிலாந்துப் படைகள் ஜெர்மானியச் சமோவாவைக் கைப்பற்றக் காவலாகப் போனது. அங்கே எதிர்ப்பில்லை. அதன்பின்னும் ஆஸ்திரேலியக் கடற்படையோடு பசிபிக்கிலேயே சுற்றியது. கவசக் கப்பல்களுக்கு வழித்துணை வேலையும், தீவு பிடிக்கும் வேலையும். மலாக்கா நீரிணையின் வடக்கு வாசலுக்கு, அதாவது பினாங்குக்கு, திபெர்வீலும் மூன்று நாசகாரிகளும்.

கவசக் குரூசர் அங்கே இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்லிவிடவும் முடியாது. 1914 செப்டம்பர் 22 என்ற ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அன்று காலை வடகடலில் பிரிட்டனின் அபுகீர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று கவசக் குரூசர்களை ஒரே ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவை டூப்ளேயின் தலைமுறைக் கப்பல்கள். அதே தேதியில் பசிபிக்கில் ஜெர்மனியின் இரண்டு கவசக் குரூசர்கள் தாஹிதித் தீவின் பாப்பீட் நகரைச் சுட்டன. அங்கிருந்த சேலே என்ற சிறிய பிரெஞ்சுப் பீரங்கிப் படகு மூழ்கியது. அதே தேதி இரவில் எம்டன் சென்னைக்கு வந்து பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்தியது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓப் எழுதியவை வரிவரியாக நிறைவேறியிருப்பது தெரியும். மலிவான டார்பிடோ விலையுயர்ந்த கவசத்தைக் கொன்றது. தனியாகச் சுற்றும் வேகக் குரூசர் காவலற்ற நகரத்தைச் சுட்டது. சென்னையில் மக்கள் மூட்டை கட்டினார்கள், வங்கக் கடலில் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறத் தயங்கின. நிறைவேற்றியவர்கள் மட்டும் ஜெர்மானியர்கள். பாரீசில் பாதியில் கைவிடப்பட்ட யோசனையைக் கார்ல் ஃபான் முல்லர் என்ற எம்டனின் தலைவர் முழுதாகச் செய்து காட்டினார்.

அக்டோபர் 28

அந்நாளைய பினாங்கு, ஈயமும் ரப்பரும் ஏற்றுமதியாகும் செழிப்பான துறைமுகம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர்கள் மலாயா மண்ணில் இறங்கும் முக்கிய வாசலும் அதுவே. சூலியா தெருவில் மரைக்காயர் கடைகள், பினாங்குத் தெருவில் செட்டியார் கிட்டங்கிகள், 1801இல் எழுந்த கபித்தான் கெலிங் பள்ளிவாசல், நீர்முனையில் சுமை தூக்கும் தமிழர்கள். ஊரின் உயிர் கடலில் இருந்தது. அந்தக் கடல் போர்க்களம் என்ற நினைப்பு மட்டும் ஊருக்கு வரவில்லை. துறைமுக விளக்குகள் சமாதான காலம்போலவே எரிந்தன.

அக்டோபர் 26 அன்று ஜெம்ச்சுக் கொதிகலன்களைச் சுத்தம் செய்ய வந்து நின்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்போரில் தப்பிய கப்பல் அது. பினாங்கு பாதுகாப்பான இடமல்ல என்று ஜெர்ரம் கருதினார். கப்பலின் தலைவர் செர்காசோவ் கேட்கவில்லை. டார்பிடோக்களின் வெடிமுனைகள் கழற்றப்பட்டிருந்தன, பீரங்கிக் குண்டுகள் பெரும்பாலும் பூட்டிய அறையில் கிடந்தன. 27ஆம் தேதி இரவு செர்காசோவ் கரையில், ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டல் ஹோட்டலில் இருந்தார்.

பிரெஞ்சுக் கப்பல்களின் நிலையும் பெரிதாக மேலில்லை. திபெர்வீலின் தலைவர் ஓதமார் சாதாரண மனிதரல்லர். யாங்சி ஆற்றின் மேற்பகுதியை ஆராய்ந்து படமெழுதியவர். சீனப் பாய்க்கப்பல்களைப் பற்றிப் பின்னாளில் பெரிய ஆய்வு நூல் எழுதியவர். அறிவும் அனுபவமும் உள்ள தலைவர், இருபது வயது கடந்த கப்பல். திபெர்வீலும் ஃப்ரோந்தும் உடனே புறப்படும் நிலையில் இல்லை. மூஸ்கே மட்டும் வெளிக்கடலில் ரோந்து போயிருந்தது.

எம்டனுக்கு இயல்பில் மூன்று புகைபோக்கிகள். கட்டையும் துணியும் கொண்டு நான்காவது ஒன்றை எழுப்பி, தூரத்திலிருந்து பார்த்தால் யார்மத் என்ற பிரிட்டிஷ் குரூசராகத் தோன்றும்படி செய்திருந்தார்கள். ஐந்து மணியை ஒட்டி அது துறைமுகத்துக்குள் வந்து, ஜெர்மானியக் கொடியை ஏற்றி, சுமார் 350 மீட்டர் தூரத்திலிருந்து முதல் டார்பிடோவை விட்டது. பீரங்கிகள் ஜெம்ச்சுக்கின் மேல்தளத்தைத் துளைத்தன. எம்டன் திரும்பி வந்து இரண்டாவது டார்பிடோவை விட்டதும் ஜெம்ச்சுக் வெடித்துப் பிளந்தது. இறந்தவர்கள் 89 பேர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

பக்கத்தில் நின்ற திபெர்வீலும் எம்டனின் கைக்கு எட்டியதே. ஆனால் வாசலில் ஏதோ ஒரு கப்பல் வருவது தெரிந்ததும் முல்லர் வெளியே திரும்பினார். காலைப் பனியில் பெரிதாகத் தெரிந்த அது உண்மையில் ஒரு சிறு அரசுப் படகு; அதன்மேலும் சில குண்டுகள் விழுந்தன. அடுத்து கிளென்டரட் என்ற வணிகக் கப்பலை நிறுத்தினார். ஆயுதமற்ற படகைச் சுட்டதற்கும், நீரில் தத்தளித்த ரஷ்யர்களைக் காப்பாற்றாமல் வந்ததற்கும் வருத்தம் தெரிவித்து அதன் தலைவரிடம் செய்தி சொல்லியனுப்பினார்.

அப்போதுதான் மூஸ்கே வந்தது. அதன் தலைவர் பெலிக்ஸ் தெருவான். எதிரே வந்தது பகைக் கப்பல் என்று தெரிந்தபோது எம்டனின் குண்டுகள் விழத் தொடங்கிவிட்டன. மூன்றாவது வீச்சிலிருந்தே குறி தப்பவில்லை. ஒரு பக்கம் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து கொண்ட, 3,600 டன் குரூசர். மறுபக்கம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லாத நாசகாரி. மூஸ்கே சுட்டது, டார்பிடோவும் விட்டது, எதுவும் படவில்லை. கால்களை இழந்த தெருவான் தன்னை மேல்மேடையோடு சேர்த்துக் கட்டச் சொல்லி, கப்பலோடு போனார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். எம்டன் 36 பேரை நீரிலிருந்து எடுத்தது. அவர்களில் மூவர் கப்பலிலேயே இறந்து, ராணுவ மரியாதையோடு கடலில் அடக்கம் செய்யப்பட்டார்கள். மற்றவர்கள் இரண்டு நாள் கழித்து நியூபர்ன் என்ற கப்பலில் ஏற்றப்பட்டு, நடுநிலை டச்சுத் துறைமுகமான சபாங்குக்கு அனுப்பப்பட்டார்கள்.

துறைமுகத்திலிருந்து பிஸ்தோலே நீராவி ஏற்றிக்கொண்டு துரத்தியது. மழை இறங்கியது; எம்டன் கண்ணிலிருந்து மறைந்தது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி அதை முடித்துவைத்தது. அங்கும் பெரிய பீரங்கியும் கூடுதல் தூரமும்தான் தீர்ப்பு எழுதின.

செர்காசோவ் விளாடிவாஸ்டாக்கில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். இறந்த ரஷ்ய மாலுமிகள் வெஸ்டர்ன் சாலைக் கல்லறையிலும் ஜெரஜாக் தீவிலும் கிடக்கிறார்கள். ஜெரஜாக் என்பது மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களை நோய்ப் பரிசோதனைக்காகத் தனிமையில் நிறுத்திவைத்த தீவு. பேரரசுகளின் கணக்கில் செலவாகிப்போன இரண்டு வகை மனிதர்களுக்கும் அந்தத் தீவு இடம் கொடுத்திருக்கிறது.

கவசம் வந்தது, யாருக்காக?

மலாக்கா நீரிணைப் பகுதிக்கு பிரெஞ்சுக் கவசக் குரூசர் ஒன்று கடைசியில் வரத்தான் செய்தது. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்களின் ஐந்தாம் இலகு காலாட்படை கலகம் செய்தது. பிரிட்டன் அருகிலிருந்த நேச நாட்டுக் கப்பல்களை அழைத்தது. 17ஆம் தேதி மோன்காம் வந்து 190 மாலுமிகளையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் இறக்கியது. ஜப்பானிய, ரஷ்ய மாலுமிகளும் சேர்ந்துகொண்டார்கள். கலகம் அடங்கியபின் 47 சிப்பாய்கள் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

எம்டன் பினாங்கைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நின்ற அதே கப்பல், இந்தியச் சிப்பாய்களை அடக்க இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. இது சதி அல்ல; அந்த வாரம் அது அருகில் இருந்தது, அவ்வளவே. ஆனாலும் இந்த வகைக் கப்பல்கள் கிழக்கில் செய்த வேலையை வரிசைப்படுத்தினால் ஒரு போக்கு தெரிகிறது. எதிர்ப்பில்லாத தீவைப் பிடிக்கத் துணை நின்றது, வழிக்காவல் போனது, கலகக்காரரை அடக்கியது. டூப்ளே அடுத்து மத்தியதரைக் கடலுக்குப் போய், 1915 மே மாதம் துருக்கியின் போத்ரும் கோட்டையைச் சுட்டது. 1920களின் தொடக்கத்தில் பழைய இரும்பாக உடைபட்டது. சம பலமுள்ள எதிரிக் கப்பலோடு அது ஒருமுறைகூட மோதவில்லை.

இளைய பள்ளிக்கும் கவசக் கட்சிக்கும் இடையிலான வழக்கில் பினாங்கு யாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது? டார்பிடோவும் தனிக் குரூசரும் வென்றன என்பதால் ஓப் சொன்னதே சரி என்று தோன்றும். ஆனால் மூஸ்கேயும் திபெர்வீலும் அவருடைய கட்சிப் பிள்ளைகள்தாம். சிறு கப்பல்கள் பலம் பெறுவது எண்ணிக்கையாலும், புதுமையாலும், ஓயாத விழிப்பாலும். இரண்டு கட்சியினரும் மாறிமாறித் திட்டம் போட்டதில் பிரான்சுக்கு எண்ணிக்கையும் வரவில்லை, கவசமும் போதவில்லை. இரண்டிலும் மிஞ்சிய பழையதைத் தூரத்துத் துறைமுகங்களுக்கு அனுப்பும் பழக்கம் மட்டும் நிலைத்தது. பினாங்கின் இழப்புக்கு செர்காசோவின் அலட்சியம் ஒரு காரணம் என்றால், அந்த ஒதுக்கீடு அதைவிடப் பழைய காரணம்.

அந்தப் பழக்கம் பிரான்சுக்கு மட்டும் உரியதுமல்ல. 1941 டிசம்பர் 10 அன்று, பினாங்கின் பழைய ஆங்கிலப் பெயரையே தாங்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பெருங்கவசக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் குவாந்தான் அருகே மூழ்கடித்தன. மறுநாள் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் குண்டுகள் விழுந்தன. ஊரில் சொல்லத்தக்க விமான எதிர்ப்பு இல்லை, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். சில நாளில் ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் நிர்வாகம் வெளியேறியது. கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியைப் பார்த்து ஜப்பானியர் மேலும் குண்டு போடாதிருக்க, அதை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. இரண்டாண்டு கழித்து, அதே துறைமுகம் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குத் தளமாயிற்று.

1786இல் கெடா சுல்தான் கேட்டதும், 1914இல் துறைமுகத்து மக்கள் நம்பியதும், 1941இல் சரவணமுத்து இழந்து நின்றதும் ஒரே பாதுகாப்பைத்தான். கவசத்தின் தடிமனை அளப்பது கடற்படை வரலாற்றாசிரியர்களின் பழக்கம். பினாங்கிலிருந்து பார்க்கும்போது அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தக் கப்பல் எங்கே நிறுத்தப்பட்டது, அந்த இடத்தை முடிவு செய்த அறையில் பினாங்குக்காரர் யாராவது இருந்தார்களா? மூன்று முறையும் விடை, ‘இல்லை’ என்பதே. வடகடலும் சூயசும் தூலோனும் முதலில் வந்தன. வங்கக் கடலின் மறுகரையில் வாழ்ந்தவர்களுக்கு, மிஞ்சியது எதுவோ அது வந்தது.